சர்க்கரை உள்ள பிள்ளை, ஒவ்வாமை உள்ள பிள்ளை: பள்ளியில் நாம் என்ன செய்ய வேண்டும்?

(கச்சிராயபாளையத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

காலை உணவு சமைத்துப் பாத்திரம் கழுவி வைத்த கையோடு ஓடி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வெள்ளிமலைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

கடன், தவணை, தணிக்கை எல்லாம் மதியத்துக்கு மேல் பேசப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று சுகாதாரக் குழுவில் முடிவு செய்தோம். காரணம், பல ஊர்க் குழுக்களிலிருந்து ஒரே மாதிரி கேள்வி வருகிறது. "எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு சுகராம், ஊசி போடுதாம், அதுக்கு நாங்க சோறு போடலாமா கூடாதா?" என்று ஒரு குழு கேட்கிறது. "ஒரு பையனுக்கு முட்டை சாப்பிட்டா உதடு வீங்குது, டீச்சர் கேட்டா என்ன சொல்றது?" என்று இன்னொரு குழு.

முதலில் சர்க்கரை. சுகர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மாத்திரை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சுகர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற மகளிர் குழுவிலிருந்து போனவர்கள்தான். அதனால் மாமியார் சுகர், மாமனார் சுகர் நமக்கு அத்துப்படி. அந்த அறிவை அப்படியே பிள்ளைக்குப் பொருத்தினால்தான் ஆபத்து வருகிறது.

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையில் பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது, நாளாக நாளாகப் போதாமலும் போகும். மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று ஓட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. முதல் வகை என்று டாக்டர்கள் சொல்வார்கள். கணையத்தில் இன்சுலின் செய்யும் அணுக்களை உடம்பின் காவல் சக்தியே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இன்சுலின் அறவே இல்லாமல் போகிறது. அதற்கு மாத்திரை கிடையாது. ஊசி ஒன்றுதான். ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

நம் ஊர் கரும்பு ஊர், சர்க்கரை ஆலை உள்ள ஊர். அதனால் சொல்கிறார்கள், "பிள்ளை கரும்பைக் கடிச்சிக்கிட்டே இருந்துச்சு, வெல்லத்தைத் தின்னுச்சு, அதான் வந்துச்சு" என்று. சகோதரிகளே, அது காரணமே இல்லை. இனிப்பு தின்றதால் இந்த வகை வருவதில்லை. அம்மா வளர்த்தது சரியில்லை என்பதாலும் வருவதில்லை. இதைச் சொல்லித்தான் பல வீடுகளில் மருமகளைப் பேசியே கொல்லுகிறார்கள். அந்தப் பேச்சை நம் குழுக்களிலாவது நிறுத்துவோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை அடிக்கடி தண்ணீர் குடிக்கும். வகுப்பில் அடிக்கடி ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கும். நல்லா சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகும். எப்போதும் சோர்ந்து கிடக்கும். படுக்கையில் நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தால், அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா பாருங்கள். எறும்பு வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை. இப்படி அறிகுறிகளும் இருந்து, எந்த நேரத்தில் பார்த்தாலும் 200-க்கு மேல் இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அன்றைக்கே கள்ளக்குறிச்சிக்குப் போங்கள்.

இன்னும் முற்றினால் வாந்தி, வயிற்று வலி, வேகமாக ஆழமாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழுத்த பழ வாசனை. இதைப் பார்த்து "சாப்பாடு ஒத்துக்கலை" என்றும், "காத்து கருப்பு" என்றும் நினைத்து நாளைக் கடத்துகிறார்கள். சில இடங்களில் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்குத் தெம்புக்கென்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்கனவே ரத்தத்தில் சர்க்கரை வழியும் பிள்ளைக்கு இது எரியும் நெருப்பில் எண்ணெய். எந்த இடமாக இருந்தாலும், "குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி சுகர் பாத்துடுங்க" என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

இந்த ஊசியின் கதையைக் கொஞ்சம் சொல்கிறோம். நூறு வருஷத்துக்கு முன் இந்த நோய் வந்த பிள்ளை பிழைத்ததில்லை. பட்டினி போட்டுப் போட்டு நாளைக் கடத்துவார்கள், அவ்வளவுதான். 1921-ல் கனடா நாட்டில் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவரும் அவர்களோடு இருந்தவர்களும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி அதே மாதத்தில் மறுபடி போட்டபோது எழுந்து உட்கார்ந்தான். அதன் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான். அந்த மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நம் அரசு மருத்துவமனையில் அந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊசி ஆரம்பித்துச் சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்துவிடும். கணையத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சம் அணுக்கள் கடைசியாக ஒரு மூச்சு வேலை செய்கிற காலம் அது. சில மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட இருக்கும். சரியாக அந்த நேரத்தில் யாராவது வந்து, "மலையில ஒரு வைத்தியர் இருக்காரு, வேர் கொடுப்பாரு, ஊசியே வேணாம்" என்பார்கள். வேரைத் தின்ற நேரமும் சர்க்கரை இறங்கிய நேரமும் ஒன்றாக இருப்பதால் வேர்தான் குணப்படுத்தியது என்று நம்பி ஊசியை நிறுத்துவார்கள். அப்புறம் ஒரு நாள் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு விழும். கல்வராயன் மலை மூலிகைக்கு நாங்கள் எதிரி இல்லை. சளிக்கும் இருமலுக்கும் நாங்களே கஷாயம் வைத்துக் குடிக்கிறோம். ஆனால் இந்த ஊசியின் இடத்தில் வைக்க ஒரு வேரும் கிடையாது. காய்ச்சல், வாந்தி என்று பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாலும் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இனி பள்ளிக்கூடம். ஊசி போடும் பிள்ளைக்குப் பள்ளியில் வரக்கூடிய பெரிய ஆபத்து சர்க்கரை ஏறுவது அல்ல, திடீரென்று இறங்குவது. காலையில் வீட்டில் ஊசி போட்டாகிவிட்டது. அதற்கேற்ற சோறு உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் சர்க்கரை கீழே இறங்கிக்கொண்டே போகும். கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், நெஞ்சு படபடக்கும். நல்ல பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழும், அழும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முழிக்கும். கையெழுத்து கோணலாகும். கவனிக்காமல் விட்டால் மயங்கும், வலிப்புகூட வரும்.

நம் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். ஏழாவது படிக்கும் பெண் பிள்ளை. ஊசி போடுவது வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் எடுப்பார்கள் என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். பிள்ளையிடமும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் இட்லியில் பாதியை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறது. பிரேயரில் நிற்கும்போது வேர்த்து ஒழுகுகிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. வெயில் என்று ஒருவர், பயம் என்று ஒருவர். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "எங்க மாமியாருக்கு சுகர் எறங்குனா இப்படித்தான் வேர்க்கும்" என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். பிள்ளைக்கு அப்போது விழுங்கும் நினைவு இருந்தது. கால் மணி நேரத்தில் பேசியது. அந்த அம்மா அன்றைக்கு லீவு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். மறைத்ததால் கல்யாணம் காப்பாற்றப்படும் என்று நினைத்தார்கள். பிள்ளை உயிரே போகப் பார்த்தது.

சர்க்கரை இறங்கினால் செய்வது எளிது. பிள்ளைக்கு விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். ஒன்றாவது, இரண்டாவது படிக்கும் சின்னப் பிள்ளைக்கு இரண்டு டீஸ்பூன் போதும். குளுக்கோஸ் பவுடர் இருந்தால் அது இன்னும் நல்லது. சாக்லேட்டும் கடலைமிட்டாயும் இந்த நேரத்துக்கு உதவாது. அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை வேகமாகச் சேர விடாது. பதினைந்து நிமிஷம் உட்கார வைத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்ததும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ கொடுங்கள், அடுத்த சாப்பாடு வரை தாங்கும். பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

நினைவு இல்லை என்றால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் போடுங்கள். "சுகர் ஊசி போடுற பிள்ளை, மயங்கிடுச்சு" என்று அந்த முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

ஏறியிருக்கா இறங்கியிருக்கா என்று தெரியவில்லையே என்றால்? இறங்கியதாக வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகிவிட்டால் டாக்டர் சரிசெய்துகொள்வார். இறங்கியதை விட்டுவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்காது.

இங்கேதான் நம் காலை உணவு வேலை வருகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. கிராமத்தில் அந்த அடுப்பைப் பற்ற வைப்பவர்கள் நம் குழு உறுப்பினர்கள். மற்ற பிள்ளைகளுக்கு உப்புமா பத்து நிமிஷம் தாமதமானால் பசி, அவ்வளவுதான். வீட்டில் ஊசி போட்டுவிட்டு வந்து தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தத் தாமதமே நோய். ஆகவே அந்தப் பிள்ளைக்கு முதல் கரண்டி. கேஸ் தீர்ந்தது, பால்காரர் வரவில்லை, எதுவானாலும் சோறு தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே இரண்டு பிஸ்கட் கொடுத்து உட்கார வையுங்கள்.

முதலில் கேட்டீர்களே, சோறு போடலாமா என்று. தாராளமாகப் போடலாம். உப்புமா, கிச்சடி, பொங்கல் எல்லாம் சாப்பிடலாம். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்க வேண்டும், ஏனென்றால் ஊசியின் அளவு அதை வைத்துத்தான். பாதி வைத்துவிட்டுப் போனால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இனிப்பு செய்யும் நாளுக்கு முதல் நாளே அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். டாக்டர் சொன்னபடி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளையை மட்டும் ஓரமாக உட்கார வைத்து மற்றவர்கள் கேசரி சாப்பிடுவதைப் பார்க்க விடுவது சரியில்லை. அப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை திருட்டுத்தனமாகத் தின்னும், யாருக்கும் சொல்லாது.

விளையாட்டு பீரியடிலும் சர்க்கரை இறங்கும். மலையில் பள்ளிக்கு ஏறி இறங்கி நடந்து வரும் பிள்ளைக்கு அந்த நடையே போதும், இறங்கிவிடும். ஆகவே பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். வகுப்பறையில் ஒன்று, சமையல் கூடத்தில் ஒன்று. நம் குழு பணத்தில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கி வைப்பது ஒரு பெரிய செலவா?

ஊசி மருந்தைப் பற்றி இரண்டு விஷயம். பிரிக்காத பாட்டில் பிரிட்ஜில் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, உறைந்த மருந்து வீண். பிரித்த பாட்டிலை அதிக வெயில் படாத இடத்தில் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னச் சட்டி வைத்து, இடையில் மணலைப் போட்டு நனைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். தண்ணீர்ப் பானை எப்படிக் குளிர்கிறதோ அப்படியேதான். இன்னொன்று சிரிஞ்ச். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் பாட்டில் வழக்கமாக 40 அளவு. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 அளவு மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், அல்லது பாதிக்கும் கீழே இறங்கும். கடையில் எதைக் கொடுத்தாலும் மூடியின் நிறத்தையும் பாட்டிலில் உள்ள எண்ணையும் பார்த்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் நிறம் தெரியும். போட்ட ஊசியைக் குப்பையில் எறியாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து சுகாதார நிலையத்தில் கொடுங்கள்.

அடுத்தது ஒவ்வாமை. இந்த வார்த்தையை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கிறது, பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறது, மாம்பழம் சூடு. இவை தொந்தரவுதான், ஆனால் பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. நாங்கள் சொல்ல வந்தது கடுமையான ஒவ்வாமை. அனாபிலாக்ஸிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சாப்பிட்ட சில நிமிஷத்தில், அல்லது பூச்சி கொட்டிய சில நிமிஷத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடும் கண்ணும் வீங்கும், குரல் கம்மும், தொண்டை அடைக்கும், இளைக்கும், வாந்தி எடுக்கும், தலை சுற்றி விழும். தோலில் தடிப்பு மட்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கலாம். தடிப்போடு மூச்சோ, வாந்தியோ, மயக்கமோ சேர்ந்துவிட்டால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. சில சமயம் தடிப்பே இல்லாமல் நேராக மூச்சு முட்டும், அதையும் மறக்காதீர்கள்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையில் போடுவார்கள். விலை அதிகம் இல்லாத சாதாரண மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். வெளிநாட்டில் பிள்ளைகள் இதைப் பேனா மாதிரி பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். நம் பக்கத்து மருந்துக் கடையில் அந்தப் பேனா எளிதில் கிடைப்பதில்லை. அதனால் நமக்கு மருந்து என்பது சுகாதார நிலையத்துக்குப் போகும் வேகம்தான்.

இங்கே நாம் நேரத்தை எதில் இழக்கிறோம்? வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வதில். தொண்டை வீங்கும் பிள்ளைக்கு வெற்றிலையும் மிளகும் அடைத்துக்கொள்ளும். அவில் மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்ப்பதில். அவில் அரிப்பைக் குறைக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது. பிறகு, இரண்டு பேர் நடுவில் பைக்கில் நிமிர்த்தி உட்கார வைத்து ஓட்டுவதில். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் பிள்ளையை எழுப்பி நிறுத்தினாலே உயிர் போகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்கார விடுங்கள். நடக்க விடாதீர்கள். 108 மலைக்கு ஏறி வர நேரமாகும் என்றால், ஜீப்போ வேனோ பிடித்து, சாய்த்துப் படுக்க வைத்துக்கொண்டு எதிர்கொண்டு போங்கள். ஊசி போட்டு சரியானதும், "நல்லாயிருச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும். இருக்கச் சொல்லும் வரை இருங்கள்.

நம் பகுதியில் எதெதனால் வரலாம்? முட்டை, பால், நிலக்கடலை, முந்திரி, இறால், மீன். அப்புறம் தேனீயும் கதண்டும். மலையோரப் பள்ளியில் புளியமரத்திலும் பனைமரத்திலும் கூடு இருந்தால், பிள்ளைகள் கல்லெறியும் வரை காத்திருக்காமல் தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள். வந்து அப்புறப்படுத்துவார்கள். நாமாகப் புகை போட்டுக் கலைக்கப் போய் ஊரே கொட்டு வாங்க வேண்டாம்.

முட்டைக்கு வழி ஏற்கனவே இருக்கிறது. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. அது சைவப் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் முட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அந்த மசாலாவையே சோற்றில் ஊற்றினால் முட்டை போட்ட மாதிரிதான். முட்டைக்குப் போட்ட கரண்டியும் வேறாக இருக்க வேண்டும். காலை உணவு சமைப்பவர்கள் பொங்கலில் முந்திரி, சட்னியில் கடலை சேர்ப்பதாக இருந்தால் முதலில் டீச்சரைக் கேளுங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் கடலைதான். பிள்ளைகள் இடைவேளையில் மிட்டாய் பங்கு போட்டுத் தின்பதை நாம் தடுக்க முடியாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்க வேண்டும், வீட்டிலிருந்து வந்ததைத் தவிர வேறெதுவும் வாங்காதே என்று. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். நாம்தான் சொல்வதில்லை.

கூடவே ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை வாந்தி எடுத்தது என்று முட்டையையும் பாலையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நல்ல சத்து அதுதான். டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு நிறுத்துங்கள். சின்ன வயதில் வரும் பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர மாறிவிடும். அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சோதனை செய்யாதீர்கள்.

சரி, பள்ளியில் யாரிடம் சொல்வது? வாயால் சொன்னது அடுத்த வருஷம் டீச்சர் மாறியதும் போய்விடும். ஒரு முழுத்தாளில் எழுதுங்கள். பிள்ளை பெயர், வகுப்பு, என்ன நோய், எப்படித் தெரியும், தெரிந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த மருத்துவமனையில் பார்க்கிறோம். டாக்டர் சீட்டின் நகல் ஒன்று. ஹெட்மாஸ்டர், வகுப்பு ஆசிரியர், சமைப்பவர் மூவரிடமும் ஒவ்வொன்று. நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம், அது பிள்ளையை ஊர் முழுக்கக் காட்சிப்பொருள் ஆக்கும். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல் இதை எழுந்து பேசுங்கள். வகுப்பில் சுகர் பார்க்கவும், ஊசி போடவும், நேரத்துக்குத் தின்னவும் பிள்ளையை விட வேண்டும் என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பரீட்சை அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் தின்பண்டமும் கொண்டுபோக மத்திய போர்டு 2017-லேயே அனுமதித்தது. கேரளாவில் இந்தப் பிள்ளைகளுக்கென்றே மிட்டாயி என்று பெயர் வைத்து அரசே ஒரு திட்டம் நடத்துகிறது. சர்க்கரைப் பிள்ளைகள் திட்டத்துக்கு மிட்டாய் என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனசுக்காரர். நம் பிள்ளை பத்தாவது, பன்னிரண்டாவது எழுதும்போது டாக்டர் கடிதத்தோடு முன்கூட்டியே ஹெட்மாஸ்டரிடம் மனுக் கொடுங்கள். பரீட்சை அன்று காலையில் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மருந்து இலவசம் என்றாலும் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் பல வீடுகளில் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பார்க்க வேண்டும் என்றால் கூலி வேலை செய்யும் வீடு எங்கே போகும்? அப்படி ஒரு பிள்ளை இருக்கும் குழுவில், உள்கடனை வட்டியில்லாமல் கொடுக்கத் தீர்மானம் எழுதலாம் என்று சுகாதாரக் குழு கேட்டுக்கொள்கிறது. இன்று மதியம் இது அஜெண்டாவில் நான்காவதாக இருக்கிறது. குத்தும் ஊசி ஆளுக்கு ஒன்று, அதைப் பங்கு போடக் கூடாது.

பேசி முடித்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. அதையும் பத்திரிகைக்காக எழுதுகிறோம்.

கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு உறுப்பினர், "நாங்க வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போயிடறோம், பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியில இருக்கு. அங்க யாரு ஊசி போடுவா?" என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பலர் சொல்லிக் கொடுத்தால் தாங்களே போட்டுக்கொள்வார்கள். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று அளவைப் பார்க்க வேண்டும், இரவிலும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கிளம்புவதற்கு முன் வார்டனையும் நர்சம்மாவையும் நேரில் பார்த்து, முன்னால் சொன்ன தாளைக் கொடுத்து, ஒரு மாத மருந்தையும் அது எங்கே வைக்கப்படும் என்பதையும் உறுதி செய்துகொண்டு போங்கள். உங்கள் போன் கிடைக்காவிட்டால் முடிவெடுக்க ஊரில் ஒருவர் பெயரையும் எழுதுங்கள். உங்கள் குழு ஊக்குநர் பெயரையே எழுதலாம்.

இரண்டாவது கேள்வியைக் கூட்டத்தில் யாரும் எழுந்து கேட்கவில்லை. டீ குடிக்கும்போது ஒரு அம்மா தனியாக வந்து மெதுவாகக் கேட்டார். "ஊசி போடுற பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணலாமா? பிள்ளை பெத்துக்குமா?" பண்ணலாம். பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பமாவதற்கு முன்பிருந்தே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, டாக்டர் மேற்பார்வையில் இருந்தால் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கட்டிக் கொடுத்தால், புகுந்த வீட்டில் அந்தப் பெண் ஒளித்து ஒளித்து ஊசி போட வேண்டியிருக்கும், ஒரு நாள் போட முடியாமலும் போகும். அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. அந்த அம்மாவின் மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள். இந்த வாரமே ஹெட்மாஸ்டரைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுதிக் கொடுக்கும் தாளின் மாதிரி கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது, நகல் எடுத்துக்கொள்ளலாம்.